உறங்காத பெட்டி

என் வேன் திங்கட்கிழமைகளில் மட்டும் கிளம்ப மறுத்தது. முதல் தடவை அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆறு நாள் உழைக்கிற வண்டி ஞாயிறு கழிந்ததும் மனிதனைப் போலவே சோம்பல் படுகிறது என்று வீட்டில் சொல்லிச் சிரித்தேன். மூன்றாவது தடவை சிரிப்பு வரவில்லை. ஒரு காரணம் தேவைப்பட்டது. காரணம் என்று நாம் தேடுவது பெரும்பாலும் ஒரு ஆளைத்தான். எனக்கு ஒரு ஆள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தான்.

நான் ஏ.ஸி., ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறவன். மடிப்பாக்கத்தில் வீடு. வேளச்சேரி, பள்ளிக்கரணை, மேடவாக்கம் என்று சுற்றுப்புறத்தில் வேலை. எனக்குக் கடை கிடையாது, வேன்தான் கடை. கேஸ் சிலிண்டர்கள், வாக்குவம் பம்ப், செம்புக் குழாய்ச் சுருள்கள், ஏணி, எல்லாம் அதற்குள்தான் குடியிருக்கின்றன. 2021-ல் கடன் வாங்கி எடுத்த வண்டி. அதற்கு முன்னால் வைத்திருந்த பழைய வண்டியில் ஒரு விளக்கு எரியவில்லை என்றால் பல்ப், ஃப்யூஸ், ஸ்விட்ச், ஒயர் என்று நான்கு இடங்களில் தேடினால் விஷயம் முடிந்துவிடும். தேடுகிற கைக்கும் பழுதுக்கும் இடையில் வேறு யாரும் இல்லை.

புது வண்டியில் அப்படி இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பற்றி யோசித்ததில்லை. இதில் ஸ்விட்ச் விளக்கை எரிய வைப்பதில்லை. விண்ணப்பம் போடுகிறது. டிரைவர் காலடிக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் மறைப்புக்குப் பின்னால், ஒரு தடித்த புஸ்தகம் அளவுக்கு ஒரு பெட்டி இருக்கிறது. பாடி கண்ட்ரோல் மாட்யூல் என்று பெயர். பட்டறைகளில் பி.சி.எம். என்பார்கள், பாடி பாக்ஸ் என்றும் சொல்வதுண்டு. ஹெட்லைட், இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், கதவுப் பூட்டுகள், உள்விளக்கு ஆகியவற்றின் விண்ணப்பங்களெல்லாம் அங்கேதான் போய்ச் சேருகின்றன. அனுமதி கிடைத்தால் விளக்கு எரியும். சாவியின் தலைக்குள் கடுகு மாதிரி ஒரு சில்லு இருக்கிறது. என் வண்டியில், அது நம்முடைய சாவிதானா என்று தீர்மானிப்பதும் இந்தப் பெட்டிதான். அது தலையசைக்காவிட்டால் எஞ்சின் பற்றாது.

2023 டிசம்பர் 4 அன்று, மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில், எங்கள் தெருவில் வேனின் தரைக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் நின்றது. அந்த இரண்டு நாளில் தென்சென்னையில் எத்தனையோ பேர் எவ்வளவோ இழந்தார்கள். எனக்கு நஷ்டம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. தண்ணீர் வடிந்ததும் ரப்பர் விரிப்பை எடுத்து வெயிலில் போட்டேன். எஞ்சின் ஒரே திருப்பலில் கிளம்பியது. தப்பித்தோம் என்றே நினைத்தேன்.

*

அவன் என்னிடம் இரண்டு வருஷம் உதவியாளாக இருந்தான். பெரும்பாக்கத்தில், நகரத்துக்குள்ளிருந்து அப்புறப்படுத்தியவர்களைக் கொண்டுவந்து குடியேற்றியிருக்கும் அடுக்குமாடிகளில் ஒன்றில் வீடு. பிறந்தது கூவம் கரையில். அதிகம் பேசமாட்டான். கேட்டதற்கு ஒரு வார்த்தை. பல சமயம் அதுவும் இருக்காது. கை மட்டும் சுத்தமான கை. செம்புக் குழாயில் அவன் வைத்த பற்றில் ஒருநாளும் கேஸ் கசிந்ததில்லை. காலையில் எனக்கு முன்னால் வந்து வண்டியைத் திறந்து சாமான்களை அடுக்குவான். சனிக்கிழமை சாயங்காலம் கடைசியாக மூடுகிறவனும் அவன்தான். அதனால் இரண்டாவது சாவி அவனிடமே இருந்தது.

2024 ஜூனில் தொடங்கியது இந்தத் திங்கட்கிழமைத் தொல்லை. அதோடு சில்லறைக் கோளாறுகளும் சேர்ந்தன. நல்ல வெயிலில் வைப்பர் ஒரு தடவை வீசிவிட்டு ஓய்ந்துவிடும். பூட்டுகள் நடுராத்திரியில் ஒரு முறை சொடுக்கும். டாஷ்போர்டில் சில சமயம் கதவு திறந்திருப்பதாகச் சிவப்பு விளக்கு வரும்; இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து அறைந்து மூடினால் போய்விடும். ஒரு ஞாயிறு ராத்திரி எதிர்வீட்டுக்காரர், உங்கள் வண்டிக்குள் விளக்கு எரிகிறதே என்றார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சனிக்கிழமை யார் மூடுகிறார்கள்?

அந்தத் திங்கட்கிழமை அவனைக் கேட்டேன்.

"பின்கதவை ஒழுங்கா மூடறதில்லையா நீ?"

"மூடுனேண்ணா."

"மூடினா லைட்டு எப்படி எரியும்?"

அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. பதில் தெரிந்திருக்க அவனுக்கு நியாயமில்லை, எனக்கே தெரியாது. ஆனால் அந்த மௌனத்தை நான் ஒப்புதல் என்று எழுதிக்கொண்டேன்.

நான் அளந்து பார்க்காமல் பேசினேன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அளந்தேன். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. என் தொழிலில் தினசரி கையில் இருக்கும் கிளாம்ப் மீட்டர் ஏ.ஸி. கரண்டை மட்டும் காட்டும். பேட்டரிக்கு அது உதவாது. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி மல்டிமீட்டரை நடுவில் கோத்துப் பார்க்க வேண்டும். பார்த்தேன். ஆனால் எப்படி? பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்விளக்கு எரிய, ஒரு நிமிஷம். மீட்டர் ஏதோ ஒரு ஆம்பியர் காட்டியது. பார்த்தாயா, இந்த விளக்குதான் பேட்டரியைத் தின்கிறது என்று அவனுக்கு அந்த எண்ணையே காட்டினேன். என்ன கண்டுபிடிக்க வேண்டும் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டு, அதைக் கண்டுபிடிக்கத் தோதாகக் கதவையும் திறந்து வைத்திருந்தேன்.

புது பேட்டரி வாங்கியதில் பாதிப் பணத்தை அவன் சம்பளத்தில் பிடித்தேன். அதற்கும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆகஸ்ட் முடிந்து செப்டம்பரில் வரவில்லை. அவ்வளவுதான். சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அதன் பிறகு ஆறு வாரம் வண்டி திங்கட்கிழமைகளில் ஒழுங்காகக் கிளம்பியது. புது பேட்டரிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தாங்கும் சக்தி இருந்தது என்பதுதான் காரணம். நானோ, என் தீர்ப்புக்கு வண்டியே சாட்சி சொல்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

*

2024 அக்டோபர் நடுவில் பெருமழை எச்சரிக்கை வந்தபோது, வேளச்சேரி மேம்பாலத்தின் இரு ஓரத்திலும் ஜனங்கள் கார்களைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தினார்கள். போன வருஷத்துத் தண்ணீரை யாரும் மறந்திருக்கவில்லை. நானும் நிறுத்தினேன். நாலாம் நாள் எடுக்கப் போனால் வண்டியில் உயிரில்லை. பக்கத்துக் காரிலிருந்து கேபிள் போட்டதும் எஞ்சின் சுழன்றது, பற்றவில்லை. டாஷ்போர்டில் சாவி மாதிரி ஒரு சின்னம் விட்டுவிட்டு மின்னியது. மூன்று வருஷமாக ஓட்டுகிற வண்டி, சாவியை யார் என்று கேட்டது. தண்ணீருக்குப் பயந்து மேட்டில் ஏற்றிய வண்டியைப் பழைய தண்ணீர் மேட்டிலேயே பிடித்துவிட்டிருந்தது. அது எனக்கு அப்போது தெரியாது.

இழுத்துக்கொண்டு போனது எனக்குப் பழக்கமான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம். வயசானவர், டைனமோ காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறவர். எல்லோருக்கும் பாய்தான். அவர் ஸ்கேனரை மாட்டி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வாசித்தார்.

"சார், பாடி பாக்ஸ் பேசல. மத்ததெல்லாம் அதப் பத்திப் புகார் எழுதி வச்சிருக்கு."

எஞ்சின் பெட்டியில் ஒரு புகார், பிரேக் பெட்டியில் ஒன்று, மீட்டர் போர்டில் ஒன்று. மூன்றிலும் ஒரே எண்: யு 0140. பாடி கண்ட்ரோல் மாட்யூலுடன் தொடர்பு இல்லை என்று அர்த்தம். ஒரு வண்டிக்குள் பல பெட்டிகள் இருக்கின்றன. எல்லாம் முறுக்கி விட்ட இரண்டு ஒயர்களில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஜெர்மனியில் பாஷ் கம்பெனி 1983-ல் தொடங்கி 1986-ல் வெளியிட்ட ஏற்பாடு இது. ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி ஒயர் இழுத்து வண்டிகள் ஒயரால் கனத்துப்போன காலத்தில் வந்த உபாயம். அந்த ஜோடியின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை வைத்திருப்பார்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் மாட்டும் வாயில் ஆறாவது, பதினாலாவது பின்களுக்கிடையே அளந்தால் 60 காட்ட வேண்டும். 60 காட்டியது. பாதை சரியாக இருந்தது. பேச வேண்டியதுதான் பேசவில்லை.

இந்த எண்ணைப் பற்றி நான் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். எந்தப் பெட்டியும் தான் செத்துவிட்டதாகத் தானே எழுதிவைக்க முடியாது. அது பேசவில்லை என்று மற்றவைதான் எழுதுகின்றன. ஸ்கேனர் நமக்குத் தருவது அந்த எழுத்தை மட்டும். ஏன் பேசவில்லை என்பது அதில் இல்லை. பாய்க்கு அது தெரியும். எண்ணைப் பார்த்ததும் பெட்டியை மாற்று என்று அவர் சொல்லவில்லை. கரண்ட் போகிறதா, எர்த் வருகிறதா, பின்கள் எப்படி இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மௌனத்தை எப்படி விசாரிக்க வேண்டும் என்று எனக்கு ஒருவர் நடத்திக் காட்டியது போல இருந்தது.

மறைப்பைக் கழற்றிப் பெட்டியை வெளியே எடுத்தபோது, பிளக்கின் கீழ் வரிசைப் பின்களில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. பாய் காலடியில் கையை விட்டு, தரையில் ஒட்டியிருந்த பஞ்சை அழுத்தினார். விரல் நனைந்து வந்தது. பத்து மாதம். நான் மேலே இருந்த ரப்பரை மட்டும் காயவைத்திருந்தேன். அதற்கடியில் இருந்த பஞ்சு, டிசம்பர் தண்ணீரை அத்தனை கோடையிலும் வைத்துக் காப்பாற்றியிருக்கிறது. இந்தப் பெட்டிக்கு எந்நேரமும் பேட்டரிக் கரண்ட் உண்டு, வண்டி நிற்கும்போதும். ஈரமும் உப்பும் இருக்கிற இடத்தில் கரண்டும் இருந்தால் செம்பு கரைந்து நகரத் தொடங்குகிறது. ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு மெல்லிய பச்சைப் பாலம்.

அவர் ஸ்பிரிட் போட்டுத் துலக்கி, ஊதி, உலர்த்தி, மறுபடி மாட்டினார். பெட்டி விழித்துக்கொண்டது. ஸ்கேனரில் அது சொல்லும் சேதிகள் வரிசையாக வந்தன. கதவுகள் ஐந்தும் மூடியிருந்தன, நானே மூடினேன். ஸ்கேனரில் 'பின்கதவு: திறந்திருக்கிறது' என்று நின்றது.

"இதான் சார். கதவு தொறந்திருக்குன்னு இது நம்பிக்கிட்டு இருக்கு. அப்புறம் எப்படித் தூங்கும்?"

வண்டியைப் பூட்டியபின் இருபது, முப்பது நிமிஷத்தில் பெட்டிகளெல்லாம் ஒவ்வொன்றாகத் தூங்கப் போகும். அதற்கப்புறம் வண்டி முழுக்க ஐம்பது மில்லி ஆம்பியருக்குக் குறைவாகத்தான் குடிக்கும். அன்று முறையாக அளந்தோம். மீட்டரைக் கோத்து, கதவுகளைப் பூட்டி, தொடாமல், ஒரு மணி நேரம். முக்கால் மணி ஆகியும் 0.9 ஆம்பியரில் அசையாமல் நின்றது. சனி சாயங்காலத்திலிருந்து திங்கள் காலைவரை 36 மணி நேரம். 32 ஆம்பியர் அவர். மூன்று வயசான 65 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு அது போதும். ஒரு வார நாளின் ராத்திரிக்குப் போதாது. திங்கட்கிழமையின் மர்மம் இவ்வளவுதான். ஒரு காகிதத் துண்டில் மூன்று வரிக் கணக்கு. இந்த மீட்டர் ஆகஸ்டிலும் என் பையில்தான் இருந்தது.

பின்கதவை அவன் மூடியிருந்தான். மூடினேன் என்று சொல்லவும் செய்தான். கதவு திறந்திருப்பதாக நம்பிக்கொண்டு தூங்காமல் கிடந்தவை இரண்டு: ஒன்று அந்தப் பெட்டி. அதற்காவது உள்ளே தண்ணீர் போயிருந்தது.

*

துலக்கியது இரண்டு நாள்தான் தாங்கியது. போர்டின் உள்ளடுக்கில் செம்புத் தடம் அரித்துவிட்டது, இதற்கு மேல் உத்தரவாதம் தரமுடியாது என்றார் பாய். கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் கேட்டேன். பெட்டியைப் பிரிக்கிற வழக்கம் அவர்களிடம் இல்லை. புதுசுதான், ஆர்டர் போட்டு வரவழைக்க வேண்டும். வந்தபின் வண்டியின் எண்ணை அதில் எழுதி, சாவிகளை அதற்குச் சொல்லிக்கொடுப்பார்கள். "எத்தனை சாவி இருக்கோ அத்தனையும் கொண்டு வாங்க. வராத சாவி அப்புறம் வேலை செய்யாது" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

பாயிடம் சொன்னேன். அவர் கேட்டார், "இன்னொரு சாவி யாருகிட்ட சார்?"

"வேலைக்கு இருந்த பையன்கிட்ட."

"நின்னுட்டானா? அப்போ நல்லதுதானே. புதுசு போட்டா அந்தச் சாவி தானா செத்துடும்."

அவர் யதார்த்தமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆறு வாரமாக என் கடையின் சாவி அவனிடம் இருக்கிறது. நான் கேட்கவும் இல்லை, நினைக்கவும் இல்லை. வேனுக்குள் லட்ச ரூபாய்க்கு மேல் சாமான். நான் ஒவ்வொரு ராத்திரியும் பூட்டிவிட்டுத் தூங்கியதெல்லாம் பூட்டியதாக இருந்தது, பெரும்பாக்கத்தில் ஒருவன் அதைத் திறக்காமல் இருந்ததால். கதவைச் சரியாக மூடத் தெரியாதவன் என்று நான் அனுப்பியவன்.

புதுப் பெட்டி வேண்டாம் என்று தீர்மானித்தேன். இதில் பெருந்தன்மை ஒன்றுமில்லை. பாதிக்கு மேல் பணத்தை உத்தேசித்துத்தான். வேறு வழி இருந்தது. புதுப்பேட்டையில் விபத்தில் நொறுங்கிய வண்டிகளைப் பிரித்து விற்கிற கடைகள் உண்டு. அங்கே இதே எண் கொண்ட பெட்டி கிடைத்தால், பழைய பெட்டியின் ஞாபகத்தை எடுத்து அதில் எழுதிவிடலாம். பாயும் நானும் போனோம். எஞ்சின்களும் கதவுகளும் ஸ்டியரிங்குகளும் தெருவோரத்தில் அடுக்கியிருக்கிற அந்தச் சந்துகளில், லேபிளில் கடைசி எழுத்துவரை ஒத்துப்போக வேண்டும் என்று நாலு கடை ஏறி இறங்கினோம். ஐந்தாவதில் கிடைத்தது, பில்லோடு. திரும்புகிற வழியில் கூவம் வந்தது. இங்கே எங்கேயோதான் அவன் பிறந்தான் என்பது பாலத்தைத் தாண்டிய பிறகு ஞாபகம் வந்தது.

அங்கிருந்து ரிச்சி ஸ்டிரீட். மாடியில் ஒரு சின்ன அறை. பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே ஒரு இளைஞர். பழைய போர்டில் எட்டுக் கால் கொண்ட ஒரு சில்லைக் கிளிப்பால் பிடித்தார். வண்டியின் எண், சாவிகளின் அடையாளம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. இரண்டு தடவை வாசித்து, இரண்டும் ஒன்றுதானா என்று ஒத்துப்பார்த்த பிறகே புதியதில் எழுதினார். "தண்ணி பட்ட பெட்டில இது மட்டும் தப்பிச்சிருக்கு. லக்கு சார் உங்களுக்கு" என்றார். திரையில் ஓடிய எண்கள் எனக்குப் புரியவில்லை. அவற்றில் எங்கேயோ இரண்டு சாவிகள் பக்கத்தில் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தன என்று மட்டும் தெரிந்தது. அந்தப் பெட்டிக்கு இரண்டும் ஒன்றுதான். முதலாளியின் சாவி, கூலியாளின் சாவி என்று அது பிரிப்பதில்லை.

மாட்டுவது அரைமணி வேலை. ஆனால் பாய் ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொண்டார். பிளக்கிலும் களிம்பு இருந்தது. அதை விட்டுவிட்டால் நல்ல பெட்டியும் கெட்டுப்போகும். அரித்த முனைகளை வெட்டிப் புதிதாகப் போட்டார். தரைப் பஞ்சைப் பிய்த்து எறிந்தார். எஞ்சின் பக்கமிருந்து ஒயர்கள் உள்ளே வரும் துளையின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது, அதை மாற்றினார். கடைசியில் பேட்டரியை இணைத்து, சாவியைப் போட்டுத் திருப்பினேன். எஞ்சின் பற்றியது. பூட்டிவிட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இரண்டு ஆம்பியர், ஒன்று, அரை. இருபத்தைந்தாவது நிமிஷம் சட்டென்று விழுந்து 0.03-ல் நின்றது.

"தூங்கிடுச்சு" என்றார் பாய்.

அடுத்த ஞாயிறு பெரும்பாக்கம் போனேன். முகவரி கேட்டுக் கேட்டு, ஒரே மாதிரிக் கட்டிடங்களுக்கிடையே அலைந்து, ஐந்தாவது மாடி ஏறினேன். அவன் அம்மா கதவைத் திறந்தாள். அவன் ஒரு குடோனில் ராத்திரி ஷிப்ட் போகிறான். காலையில்தான் வந்து படுத்தான். உள்ளே பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தது தெரிந்தது.

"எழுப்பட்டுமா சார்?"

வேண்டாம் என்றேன். சம்பளத்தில் பிடித்த பணத்தைக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டாள். அவன் மேல் தப்பில்லை, வண்டியில்தான் கோளாறு, எழுந்ததும் சொல்லுங்கள் என்றேன். எழுதிவைத்தால் நீளமாக இருக்கிறது. சொன்னபோது ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. அவள் உள்ளே போய், அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தாள். அதற்குள் சாவி.

"கேட்டு வந்தா குடுத்துடுன்னு அப்பவே சொல்லி வச்சிருந்தான்."

நான் அதைக் கேட்டு வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. வேண்டாம், அவனிடமே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். அது அந்த வாசலில் ஒரு நாடகமாக இருந்திருக்கும். வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

அவன் திரும்ப வரவில்லை. போன் செய்தால் எடுக்கிறான், நல்லாருக்கேண்ணா என்கிறான், அதற்கு மேல் இருவருக்கும் வார்த்தை இல்லை. இப்போது என்னோடு வேறு பையன் வருகிறான். நிறையப் பேசுகிறான். இரண்டாவது சாவியை அவனிடம் கொடுத்திருக்கிறேன்.

சில ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகளில் மீட்டரைக் கோத்து, கதவைப் பூட்டி, அரைமணி காத்திருந்து பார்க்கிறேன். 0.03 என்றே காட்டுகிறது. பூஜ்யமாவதில்லை. தூங்குகிற பெட்டியும் அந்தச் சொற்பக் கரண்டைக் குடித்துக்கொண்டு, தன்னுடைய சாவி எங்காவது பேசுகிறதா என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.